கொக்கிக் கையும் எம்.சி.ஆர். செருப்பும்: பால் பிராண்டின் பணியில் அறுவை எங்கே முடிகிறது?

கேள்வி: ஹவுஸ் சர்ஜன், ராசிபுரம்

அனைவருக்கும் வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரிகிறேன். எங்கள் மாணவர் மன்றத்தில் அடுத்த மாதம் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் குறித்துப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் என்பதே முதலில் என்னை அவர்பால் ஈர்த்தது.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டிவிட்டேன். தந்தை ஜெஸ்ஸியும் தாய் ஈவ்லினும் மலைமக்களிடையே பணிபுரிந்த மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிராண்ட், தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை. 1929இல் மலேரியாவை ஒட்டி வந்த கருநீர்க் காய்ச்சலில் தந்தை மலையிலேயே இறந்துபோனார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிராண்ட் நேராக மருத்துவத்துக்குப் போகாமல் சில ஆண்டுகள் தச்சு, கொத்து முதலிய கட்டுமான வேலைகளைக் கற்றிருக்கிறார். பிறகு லண்டனில் மருத்துவப் படிப்பு, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக் காலத்தில் அறுவைப் பயிற்சி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1966 முதல் அமெரிக்காவில் லூயிசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனை, 2003இல் மறைவு. தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மாற்று அறுவையால் மீட்கும் முறையை வளர்த்தெடுத்த முன்னோடி என்ற அளவில் நூல்கள் அவரை நினைவுகூர்கின்றன.

என் சிக்கல் இதற்கு அப்பால் தொடங்குகிறது. அவர் தச்சுப் பட்டறை நடத்தியிருக்கிறார். செருப்புக்கான ரப்பரைத் தேடி அலைந்திருக்கிறார். குணமானவர்கள் திரும்பிப் போக ஊரில் இடமில்லை என்பதற்காக ஒரு குடியிருப்பையே உருவாக்கியிருக்கிறார். எங்கள் துறையின் மூத்த மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அறுவை மருத்துவரின் வேலை அறுவை அரங்கின் கதவோடு முடிகிறது என்றும், மற்றவை போற்றத்தக்க தொண்டு என்றாலும் அறுவை மருத்துவம் ஆகா என்றும் அன்போடுதான் விளக்கினார். அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பிராண்டின் பணியில் வடிவமைப்பும் பண்பாடும் சமநீதியும் அறுவையின் உள்ளே இருந்தனவா, அல்லது அவர் நல்லவராக இருந்ததால் வெளியே சேர்ந்துகொண்டனவா? இத்துறைகளில் பணிபுரிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர், காட்பாடி

தங்கைக்கு வணக்கம். தசைநாண் மாற்று அறுவை செய்துகொண்ட தொழுநோயாளர்களின் கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதே என் பணிக்காலம் முழுவதும் நான் செய்த வேலை. ஆகவே கையிலிருந்தே தொடங்குகிறேன்.

1947இல் பிராண்ட், தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே விரல்கள் கொக்கிபோல் மடங்கிய நோயாளர் ஒருவரின் உள்ளங்கைக்குள் தம் கையை வைத்து இறுகப் பிடிக்கச் சொன்னார். செயலற்றுப் போனதாக எல்லோரும் நினைத்த அந்தக் கை, வலிக்கும்படி இறுகியது. விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவை உயிரோடிருந்தன. செத்துப்போனவை உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் மட்டுமே. தொழுநோய் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பது. ஆகவே கைக்குச் செல்லும் நரம்புகளில், முழங்கைக்குச் சற்று மேலே அல்நார் நரம்பும், மணிக்கட்டருகே மீடியன் நரம்பும், அதாவது தோலுக்கு மிக அருகில் ஓடும் இடங்களில்தான், வீங்கிக் கெடுகின்றன. இறந்த நோயாளர் ஒருவரின் உடலைப் பிரித்துப் பார்த்து, நரம்பு வீக்கங்கள் இந்த ஒழுங்கில் அமைந்திருப்பதைப் பிராண்டே கண்டறிந்தார். எந்தத் தசைகள் எப்போதும் தப்பிக்கின்றன என்று தெரிந்துவிட்டால், அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து இழந்த வேலைக்கு மாற்றிக் கட்டலாம் என்ற துணிவு வருகிறது. தொடக்கத்தில் விரலை மடக்கும் மேற்புற நாண்களைப் பயன்படுத்தியவர், பின்னாளில் மணிக்கட்டை நிமிர்த்தும் தசையொன்றை எடுத்து, கெண்டைக்காலிலிருந்து உருவிய மெல்லிய பிளான்டாரிஸ் நாணை அதனோடு ஒட்டி, நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொண்டுசேர்த்தார். நான்கு கிளைகளிலும் இழுவிசை சமமாக இல்லாவிட்டால் ஒரு விரல் முந்தும், மற்றொன்று தொங்கும். கயிறு இழுத்துக் கட்டிப் பழகிய தச்சருக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருந்திருக்காது என்று நான் எப்போதும் எண்ணிக்கொள்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறுவைக்கு முன் எந்த இழுவிசை, எந்தக் கோணம், கட்டை விரல் எதைத் தொட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை உடற்கூற்று நூல் தருவதில்லை. நம் ஊரில் கையால் உண்கிறோம். சோற்றைப் பிசைந்து, ஐந்து விரலையும் ஒன்றுகூட்டி, வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். விரலின் முதல் கணு, அதாவது உள்ளங்கையை ஒட்டிய மூட்டு, மடங்கி, நடுக்கணு நிமிர்ந்திருந்தால்தான் கவளம் நிற்கும். கொக்கிக் கையில் அது நேர் எதிராக இருக்கிறது; சோறு வழிந்துவிடும். பந்தியில் அமர்ந்து உண்ண முடியாமல் போனதே முதல் இழப்பு என்று என்னிடம் சொன்ன நோயாளர்கள் பலர். அடுத்தது வணக்கம். உள்ளங்கை இரண்டும் பொருந்தக் கும்பிட முடியாத கை, பேசத் தொடங்கும் முன்பே நோயைச் சொல்லிவிடுகிறது. கதிர் அறுப்பவருக்கு ஒரு பிடி வேண்டும், பூக்கட்டுபவருக்கு வேறு நுணுக்கம் வேண்டும். இவற்றைக் கேட்டறியாமல் நாணின் நீளத்தை எப்படி முடிவுசெய்வது? பண்பாடு அறுவைக்குள் இருந்ததா என்று கேட்டால், தையல் போடும் இடத்திலேயே இருந்தது என்பேன்.

தச்சுப் பட்டறையின் கதையும் இப்படித்தான். முதலில் குணமானவர்களில் சிலர் திரும்பி வந்து, நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழுவதில்லை, தழும்பு தெரிவதால் வேலையும் கிடைப்பதில்லை என்று முறையிட்டார்கள். அறுவை வெற்றி பெற்றது. வாழ்க்கை முன்னைவிட மோசமானது. அதனால் கல்லூரி வளாகத்திலேயே 1951இல் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைந்தது. மரப்பொம்மைகளும் தச்சுப் பொருள்களும் செய்யக் கற்றார்கள். ஆனால் பட்டறை தொடங்கியதும் கைகளில் புண்கள் பெருகின. நோய் திரும்பிவிட்டது, தொழுநோய்ச் சதை ஆறாது என்பது அக்கால நம்பிக்கை. பிராண்டும் உடன்பணியாளர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியலின் கைப்பிடியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்ததால் ஒன்று, சூடான பாத்திரத்தைத் தொட்டதால் ஒன்று, துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகியபோது சதை கிழிந்தது ஒன்று. இரவில் விரல் நுனிகள் காணாமல்போன கொடுமைக்கும் காரணம் கிடைத்தது. உணர்வில்லாத விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. அதன்பின் நோயாளர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. விரல்களைத் தின்பது கிருமி அல்ல, உணர்விழப்பால் தெரியாமல் ஏற்படும் காயங்களே என்ற கண்டுபிடிப்பு இந்தப் பட்டறையில் உறுதிப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தால் அது கிடைத்திருக்காது. கருவிகளின் கைப்பிடிகளைத் தடிப்பாக்கினார்கள், மாலையில் ஒவ்வொருவரும் தம் கைகளைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்தினார்கள். புண் குறைந்தது.

உங்கள் மூத்த மருத்துவர் சொன்ன கதவு எந்த இடத்தில் இருந்தது என்று நீங்களே அவரிடம் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.

பதில் 2: பாதநோய் அறுவை மருத்துவர், மதுரை

மேலே ஐயா எழுதியது கையைப் பற்றியது. காலைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பிராண்டின் பணியில் இன்று நம்மில் பெரும்பாலோரைத் தொடுவது அதுதான். என் வெளிநோயாளர் பிரிவில் தொழுநோயாளர் அரிது. சர்க்கரை நோயால் பாத உணர்வு இழந்தவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். இருவருடைய பாதப்புண்ணும் ஒரே வழியில் உண்டாகிறது. உணர்வுள்ளவர் நடக்கும்போது ஓரிடம் நோவெடுத்தால், தாம் அறியாமலேயே எடையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறார். உணர்வில்லாதவர் அதே எலும்பு முனையின்மேல் மீண்டும் மீண்டும் ஊன்றுகிறார். சதை உள்ளிருந்தே நசுங்குகிறது. ஆறாத புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் தொற்று என்று மருத்துவ உலகம் எண்ணியிருந்தபோது, திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே முதற்காரணம் என்று வலியுறுத்தியவர் பிராண்ட்.

காரணம் அழுத்தம் என்றால் மருந்து செருப்பு. அப்படித்தான் நுண்துளை ரப்பர், நாம் எம்.சி.ஆர். என்று சொல்லும் அந்த மென்மையான பொருள், உள்பாதத்துக்கு வந்தது. பஞ்சுபோல் அமுங்கிப்போகாமலும் கல்போல் விறைக்காமலும் இருக்க வேண்டும். அதன்கீழே முள்ளும் கண்ணாடியும் ஏறாத கடினமான அடித்தட்டு. ஆணி அடிக்கக் கூடாது, ஏனென்றால் தேய்ந்த செருப்பின் ஆணி உணர்வற்ற பாதத்துக்குள் ஏறினாலும் நோயாளருக்குத் தெரியாது. முன்பாதம் சிதைந்தவருக்கு அடிப்புறம் படகுபோல் வளைந்த விறைப்பான அடித்தட்டு. அது கால்விரல்கள் மடங்காமலேயே நடையை உருட்டிக் கொண்டுபோகும். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கப்பட்ட ஷிஃபலின் தொழுநோய் ஆய்வு மையத்தில் இந்தக் காலணி வேலையும் அறுவையும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. பின்னாளில் கார்வில்லில், அழுத்தம் பட்டால் உடைந்து நிறம் கசியும் நுண்குமிழ்கள் பதித்த காலுறையை நோயாளருக்கு அணிவித்து, எந்த இடத்தில் எடை குவிகிறது என்று பார்த்தார்கள்.

புண் வந்துவிட்ட காலுக்கு, பாதத்தின் வடிவத்தோடு ஒட்டிப் பொருந்தும் பிளாஸ்டர் கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையும் உண்டு. இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் தொழுநோய்ப் புண்களுக்குக் கையாண்ட முறை என்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பிராண்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து சர்க்கரை நோய்ப் பாதச் சிகிச்சைக்குள் நுழைந்தது. இன்று சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் நைலான் இழைச் சோதனைக்கும் 1980களில் கார்வில்லில் நடந்த ஆய்வு அடித்தளமாக அமைந்தது. கொழும்பும் வேலூரும் கண்டவை உலகின் செல்வ நாடுகளுக்குப் போய், அங்கே தரநெறியாகி, மீண்டும் நம்மிடம் வருகின்றன. இதை உங்கள் பேச்சில் அழுத்திச் சொல்லுங்கள். ஏழைகளின் நோய் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை ஊன்றிப் பார்த்ததால் எல்லோருக்குமான அறிவு கிடைத்திருக்கிறது.

இருந்தும் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை. நாம் வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை. எவ்வளவு நல்ல செருப்பைக் கொடுத்தாலும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, சமையலறையிலும் கொல்லையிலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். கோயிலில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு முடித்து, சுடுதரையில் கொப்புளித்த பாதத்தை மறுநாள் மனைவியோ மகளோ சொல்லித்தான் தெரிந்துகொண்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். சம்மணமிட்டு உட்காரும் வழக்கத்தால் கணுக்காலின் வெளிப்புற எலும்புமேல் தோல் தடித்துப் புண்ணாவதையும் மேலைநாட்டு நூல்களில் அரிதாகவே காணலாம். பக்தியைக் கைவிடச் சொல்லும் மருத்துவரிடம் நோயாளர் மறுமுறை வரமாட்டார். அதனால் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி, கோயிலுக்கு அதிகாலை நேரம், முடிந்தால் தடித்த காலுறை, திரும்பியதும் விளக்கொளியில் பாதத்தைப் பார்ப்பது என்று பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் எத்தனையோ கால்களை வெட்டாமல் காப்பாற்றுகிறது. அறுவை மருத்துவனாகிய எனக்கு இதைவிட அறுவை சார்ந்த வேலை வேறெது என்று தெரியவில்லை.

பதில் 3: சமூகப் பணியாளர், விழுப்புரம்

இரு பெரியவர்களும் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் சமநீதி என்ற சொல் கேள்வியில் இருக்கிறது. பதில்களில் அது இன்னும் முழுதாக வரவில்லை என்று தோன்றுகிறது.

முதலாவதாக, இது ஒருவருடைய கதை அல்ல. காக்ரேன் அழைக்காமல் இருந்திருந்தால் பிராண்ட் தொழுநோய்ப் பக்கம் வந்திருப்பாரா என்பதே ஐயம். தொழுநோயால் மூடாமல் போகும் இமைகளைக் காக்கும் அறுவைகளில் அவருடைய மனைவி மார்கரெட் தனித்த வல்லுநரானார். கரிகிரியில் எர்னஸ்ட் ஃபிரிட்ச்சி நெடுங்காலம் பணியைச் சுமந்தார். மருத்துவர் மேரி வர்கீஸைப் பற்றி உங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். இனி அறுவை செய்ய முடியாது என்று எல்லோரும் நினைத்தபோது, கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடி தொழுநோயாளர்களின் கைகளில் தசைநாண் மாற்று அறுவைகள் செய்தார். பின்பு வேலூரில் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். ஊனமுற்ற ஒருவர் மருத்துவராகவே தொடர முடியும் என்பதை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டதும் சமநீதியில் சேரும். இவர்களோடு, பெயர் எங்கும் பதியாத செருப்புத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாமே தொழுநோயிலிருந்து மீண்டவர்கள். எந்த வார் எங்கே உறுத்தும் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

இரண்டாவதாக, செருப்பு நோயைக் காட்டிக்கொடுத்தது. எம்.சி.ஆர். செருப்பு நெடுங்காலம் ஒரே நிறத்தில், ஒரே வடிவில், தடித்த வார்களோடு வந்துகொண்டிருந்தது. அதை அணிந்து பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார் என்று பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைத்த செருப்பு மூலையில் கிடக்க, கடையில் வாங்கிய மெல்லிய செருப்போடு கல்யாணத்துக்குப் போய்ப் புண்ணோடு திரும்பியவர்கள் உண்டு. அழுத்தத்தைக் குறைத்த வடிவமைப்பு, அவமானத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கடைச் செருப்பு போலவே தோன்றும்படி பின்னாளில் செய்யத் தொடங்கிய பிறகுதான் அணிபவர்கள் கூடினார்கள்.

மூன்றாவதாக, சட்டம். கைகள் நிமிர்ந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும், தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க இடங்கொடுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016வரை ஏட்டில் இருந்தது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு 2019இல்தான் நீங்கியது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்துவிட்டது. அது இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. உலகின் புதிய நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான் இருக்கிறார்கள். பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நோய் 2005 இறுதியில் ஒழிந்துவிட்டதாக அறிவித்த பிறகு, தேமலைப் பார்த்ததும் தொழுநோயா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமே இளைய மருத்துவர்களிடம் குறைந்துவிட்டது. எந்த அறுவையும் இழந்த உணர்வைத் திருப்பித் தராது. உணர்விழப்பு வருமுன் கண்டுபிடிப்பதே நீதி. தங்கை ஹவுஸ் சர்ஜனாக இருப்பதால் சொல்கிறேன்: உணர்வு குறைந்த வெளிறிய தேமலோடு வருபவரின் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மேரி வர்கீஸ் குறித்த பகுதியை நான் அறிந்திருக்கவே இல்லை. பேச்சில் அவருக்கு உரிய இடம் கொடுப்பேன். செருப்பு நோயைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் அப்படியே சொல்ல விரும்புகிறேன்.

காட்பாடி ஐயாவிடம் ஒன்று கேட்கலாமா? மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டிருந்த தசை, மாற்றிக் கட்டிய பிறகு விரலுக்கு வேலை செய்ய வேண்டும். அந்த விரலிலோ தொடு உணர்வும் இல்லை. அப்படியிருக்க நோயாளர் அதை எப்படிக் கற்றுக்கொள்கிறார்?

பதில் 1: ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர், காட்பாடி

நல்ல கேள்வி, தங்கை. பயிற்சி அறுவைக்கு முன்பே தொடங்கிவிடும். மாற்றப்போகும் தசையைத் தனியாக இயக்க நோயாளர் முதலில் கற்றுக்கொள்வார்; இறுகிய விரல் கணுக்களை எண்ணெய் தடவி, நீவி, மெழுகொத்தடம் கொடுத்துத் தளர்த்துவோம், ஏனென்றால் விறைத்த கணுவில் எந்த நாணும் வேலை செய்யாது. அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்று வாரம் பிளாஸ்டர். அதைப் பிரித்ததும், பழைய அசைவையே செய்யச் சொல்வோம்: மணிக்கட்டை நிமிர்த்துங்கள் என்றால் விரலின் முதல் கணு மடங்கும். அதைப் பார்த்ததும் நோயாளரின் முகத்தில் வியப்பு தெரியும். அந்த அசைவைப் பலமுறை செய்யச் செய்ய, மணிக்கட்டை நினைக்காமலேயே விரலை இயக்க மூளை பழகிவிடுகிறது.

தோலில் உணர்வு இல்லாவிட்டாலும் தசையிலும் நாணிலும் இருக்கும் இழுவை உணர்வு முன்கையில் தப்பியிருக்கிறது; அது கொஞ்சம் உதவும். மீதியைக் கண் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் தொடக்க வாரங்களில் கையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் செய்யச் சொல்வோம். முதலில் பஞ்சு உருண்டை, பிறகு மென்மையான மரக்கட்டைகள், அதன்பின் பிசைந்த களிமண். கடைசியாகச் சோறு, அதுவும் ஆறிய சோறு, ஏனென்றால் சூடு அவருக்குத் தெரியாது. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறார் என்பதைக் களிமண்ணில் பதியும் விரல் தடத்தைக் காட்டியே திருத்துவோம். உங்கள் கூட்டத்தில் செயல்முறையாகக் காட்ட விரும்பினால், ஒரு நண்பரின் நடுக்கணுக்களை மடித்துப் பிளாஸ்திரி ஒட்டி, அந்தக் கையால் தயிர்ச்சோறு உண்ணச் சொல்லுங்கள்.